பொற்கிழியிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சு வரை

தலைப்பு: மழை. 100 சொற்களுக்கு மிகாமல் ஒரு கதை. ஞாயிறு நள்ளிரவுக்குள் வந்து சேர வேண்டும். நடுவரின் முடிவே இறுதியானது.

இப்படி ஓர் அறிவிப்பைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. கல்லூரித் தமிழ் மன்றம் நடத்துகிறது, வாட்ஸப் குழு நடத்துகிறது, பதிப்பகம் நடத்துகிறது. அடுக்ககக் குடியிருப்போர் சங்கம்கூடப் பொங்கலுக்கு ஒன்று நடத்துகிறது. அலுவலக மின்னஞ்சலுக்கு இரண்டு வரி பதில் போடச் சோம்பல்படுகிறவர், இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து 112 சொல்லை 100 ஆக்குவதற்காக 'ஆனால்', 'அப்போது' எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருப்பார். பரிசு பெரும்பாலும் ஒரு சான்றிதழ், அதுவும் பிடிஎஃப். ஆனாலும் விடுவதில்லை. இந்தப் பித்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. இதைப் பரப்பியவர்களில் சக்கரவர்த்திகளும் உண்டு, சிகரெட் வியாபாரிகளும் உண்டு.

நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் தருமி. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் புலம்பிய அழகில், அங்கே நடந்தது ஒரு தலைப்புப் போட்டி என்பதையே நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். பாண்டியனுக்கு ஓர் ஐயம்: பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா? அதுதான் தலைப்பு. பரிசு 1000 பொன். கிழியாகக் கட்டி முன்கூட்டியே சங்க மண்டபத்தில் தொங்கவிட்டாயிற்று. வந்து சேர்ந்த பாட்டோ கொண்டுவந்தவர் எழுதியதல்ல. நடுவர் குற்றம் கண்டார். கொண்டுவந்தவர் மேல்முறையீட்டுக்கு உண்மையான ஆசிரியரையே வரவழைத்தார். நடுவர் அப்போதும் இறங்கி வரவில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்று வரும் தலைவலி அத்தனையும் இந்த ஒரு புராணக் கதையில் இருக்கிறது. அந்தப் பாட்டு இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்கிறது. போட்டிக் கதை பிற்காலத்தில் அதன்மேல் ஏறியது. கூந்தல் ஐயமும் பொற்கிழியும் தெரியாமல் படித்தாலும் பாட்டு குறைவின்றிப் புரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஒரு பதிப்பாசிரியர் இதே உண்மையை வைத்துப் பிழைக்கப்போகிறார்.

வடமொழியில் இந்த விளையாட்டுக்குச் சமஸ்யா பூரணம் என்று பெயர். ஒருவர் ஓர் அடியைக் கொடுப்பார்; பெரும்பாலும் தலையும் காலும் இல்லாத அபத்தமான அடியாக இருக்கும். மற்றவர் மிச்ச அடிகளை இட்டு அதற்குப் பொருள் வரவழைக்க வேண்டும். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் அடுக்கும் 64 கலைகளில் இதுவும் ஒன்று. சமைக்கத் தெரிய வேண்டும், மாலை கட்டத் தெரிய வேண்டும், கொடுத்த அடிக்குப் பாட்டு முடிக்கவும் தெரிய வேண்டும் என்பது நாகரிகமான நகரவாசிக்கு அவர் போட்ட பாடத்திட்டம்.

ஆனால் தலைப்பு, நடுவர், சுற்று, தீர்ப்பு என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வகுத்து, அதை அரண்மனை விழாவாகவே ஆக்கியவர்கள் ஜப்பானியர்கள். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்கே 'உதா அவாசே' என்ற பாட்டுப் போட்டி தொடங்கிவிட்டது. இடது அணி, வலது அணி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தலைப்பு. இரு பக்கமும் 31 அசையில் ஒரு பாட்டு. இதில் பேர்போனது 960இல் முரகாமி பேரரசரின் அரண்மனையில் 20 சுற்றுகளாக நடந்தது. தலைப்புகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். உடை, தட்டு, அலங்காரம் எல்லாம் அணிக்கு ஒரு நிறம். இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவே ஒரு கோளாறு. வலது அணிக்காகப் பாட்டை உரக்கப் படிக்க வேண்டியவர் மினமோதோ நோ ஹிரோமாசா. இசையில் பெரிய பெயர் பெற்றவர். கதிர்க்குருவி என்ற தலைப்புக்கான சுற்றில், பதற்றத்தில், வில்லோ மரத்தைப் பற்றிய பாட்டை எடுத்துப் படித்துவிட்டார். சுற்று போயிற்று. தவறான கோப்பை இணைத்து அனுப்பிவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்கிற எல்லாருக்கும் அவர்தான் முன்னோடி.

கடைசிச் சுற்றுக்கு வந்த தலைப்பு: காதல். தாயிரா நோ கனேமோரி ஒரு பக்கம், மிபு நோ தாதாமி மறுபக்கம். நடுவர் புஜிவாரா நோ சனேயோரியால் எது மேல் என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவரும் வாய் திறக்கவில்லை. அப்போது திரைக்குப் பின்னால் பேரரசர் கனேமோரியின் பாட்டை மெல்ல முணுமுணுத்தது காதில் விழுந்தது. அது போதும், தீர்ப்பு எழுதியாயிற்று. தோற்ற துக்கத்தில் தாதாமி சாப்பாட்டை வெறுத்து இறந்துபோனார் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டினார்கள். உண்மையோ பொய்யோ, போட்டியில் தோற்றவனின் மனநிலை ஊருக்குத் தெரிந்திருந்தால்தான் அப்படி ஒரு கதை எடுபடும். வேடிக்கை என்னவென்றால், நூறு கவிஞர்களின் நூறு பாட்டுகள் கொண்ட புகழ்பெற்ற தொகுப்பில் 40ஆவது கனேமோரியின் பாட்டு, 41ஆவது தாதாமியின் பாட்டு. புத்தாண்டில் ஜப்பானியக் குழந்தைகள் ஆடும் சீட்டு விளையாட்டில் வென்றதும் தோற்றதும் இன்றும் ஒரே கட்டில் இருக்கின்றன.

அதன் பிறகு ஆசை அடங்கவில்லை. 1193 வாக்கில் 12 கவிஞர்களுக்கு ஆளுக்கு 100 தலைப்பு கொடுத்து 600 சுற்று நடத்தினார்கள். பத்து வருடம் கழிவதற்குள் 1500 சுற்று. நடுவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே யோசனை வேறொரு வலியிலிருந்து பிறந்தது. தெற்கு பிரான்சில் போர்களுக்குப் பிறகு ஆக்ஸிதன் மொழிக் கவிதை மங்கிக்கொண்டிருந்தது. 1323இல் துலூஸ் நகரத்தார் ஏழு பேர் கூடி, ஊர் ஊராகப் பாட்டிலேயே ஓர் அழைப்பு அனுப்பினார்கள்: அடுத்த மே மாதம் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், சிறந்த பாட்டுக்குத் தங்கத்தில் செய்த வயலெட் பூ தருகிறோம். 1324இல் அன்னை மரியாளைப் பாடிய ஆர்னோ விதால் பூவை வாங்கிப்போனார். பரிசைக் கொடுத்த பிறகுதான், எதை வைத்துக் கொடுத்தோம் என்ற கேள்வி நடுவர்களுக்கு வந்திருக்கிறது போலும். உட்கார்ந்து ஒரு பெரிய விதிநூலே எழுதவைத்தார்கள். அந்த அமைப்பு பெயரும் உருவமும் மாறி இன்னும் இருக்கிறது. 1819இல் அங்கே தங்க லில்லி வாங்கியவர் 17 வயதுப் பையன். நான்காம் ஹென்றியின் சிலையைத் திரும்ப நிறுவியது குறித்துப் பாட வேண்டும் என்பது தலைப்பு. காய்ச்சலில் கிடந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அஞ்சலுக்கு நேரமாகிறதே என்று ஒரே ராத்திரியில் எழுதி முடித்தான் என்று அவன் மனைவி பின்னாளில் எழுதிய வரலாறு சொல்கிறது. பையனின் பெயர் விக்தோர் ஹ்யூகோ.

துலூஸில் பூ கொடுத்தார்கள் என்றால், 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவையில் காளமேகத்துக்குக் கிடைத்த ஏற்பாடு வேறு மாதிரி. அதிமதுர கவிராயரோடு மோதிய காளமேகம் 'எமகண்டம்' பாடியதாக வழங்கும் கதை நமக்குத் தெரியும்: கீழே கொதிக்கும் எண்ணெய், மேலே தொங்கும் பலகையில் கவிஞர், சுற்றி நின்றவர்கள் சொல்லச் சொல்லக் கொடுத்த ஈற்றடிக்கும் கொடுத்த பொருளுக்கும் அந்தந்தக் கணமே வெண்பா. போட்டிக்குக் கடைசி நாள் என்று சொல்கிறோமே, அதற்கு இங்கே நேரடிப் பொருள்.

இனி ஒரு விபத்து. 1648 வாக்கில் பாரிஸில் துலோ என்று ஒரு சுமாரான கவிஞர் இருந்தார். தன் வீட்டில் திருட்டுப் போய்விட்டது, 300 சானெட்டுகளைக் காணோம் என்று கண்ணீர் விட்டார். இந்த ஆள் எங்கே 300 எழுதினார் என்று நண்பர்கள் விழித்தார்கள். விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. அவர் இன்னும் கவிதையை எழுதவில்லை. வரிகளின் கடைசியில் வரவேண்டிய இயைபுச் சொற்களை மட்டும் முதலில் வரிசையாக எழுதிவைத்திருந்தாராம். சிரித்து முடித்த நண்பர்களுக்கு, அதையே ஓர் ஆட்டமாக ஆடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இயைபுச் சொற்களை ஒருவர் கொடுக்க, மற்றவர்கள் அவற்றை வைத்துக் கவிதை கட்டினார்கள். பாரிஸின் வரவேற்பறைகளில் தொடங்கிய ஆட்டம் கடல் தாண்டி லண்டனுக்குப் போயிற்று. 1711இல் ஸ்பெக்டேட்டர் இதழில் ஜோசப் அடிசன் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆட்டம் நிற்கவில்லை. திருடன் எடுத்துப்போன தாள்களின் கதி என்னவென்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்தப் பழக்கத்தை வியாபாரமாக்கிய பெருமை எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குத்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே 'மாயேகுசுகே' என்ற போட்டி தெருத்தெருவாகப் பரவியிருந்தது. நடுவர் 14 அசையில் ஒரு தூண்டில் வரி கொடுப்பார். அது துண்டுத் தாளில் அச்சாகி ஊருக்குள் போகும். அதற்குப் பொருந்த 17 அசையில் ஒன்றை எழுதி, சின்னக் கட்டணத்தோடு பேட்டை முகவரிடம் கொடுக்க வேண்டும். முகவர் மூட்டையாகக் கட்டி நடுவருக்கு அனுப்புவார். தேர்ந்தவை அச்சாகும், துணியோ, கிண்ணமோ, காசோ பரிசாகத் திரும்பி வரும். இதன் பங்காளி ஆட்டம் ஒன்று சூதாட்டமாகவே மாறி, அரசு தடை போட வேண்டியதாயிற்று.

1757இல் அசகுசா பகுதியின் பேட்டைத் தலைவர் காராய் சென்ர்யூ நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் கொடுமை, கஞ்சத்தனம், லஞ்சம் வாங்கும் அதிகாரி, தூங்கி வழியும் காவல்காரர் என்று அன்றாடத்தைக் கிண்டலடிக்கும் வரிகளை அவர் தேர்ந்தெடுத்த விதம் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. முப்பது வருடத்துக்கு மேல், வந்து குவிந்ததைச் சலித்துக்கொண்டே இருந்தார். 1765இல் அவருடைய தேர்விலிருந்து ஒரு தொகுப்பு வந்தது. தொகுத்தவர் செய்த தந்திரம் ஒன்றுதான்: தூண்டில் வரி இல்லாமலே புரிகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்பைக் கழற்றி வீசினார். குறுந்தொகைப் பாட்டுக்குப் பொற்கிழி தேவைப்படாத மாதிரி இவற்றுக்கும் தூண்டில் தேவைப்படவில்லை. புத்தகம் பறந்தது, தொடர்ச்சிகள் வந்தன, ஒரு புதிய கவிதை வடிவமே பிறந்தது. அதற்கு வந்த பெயர் சென்ர்யூ. எழுதிய பல்லாயிரம் பேரில் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை. நடுவரின் பெயர் நிலைத்துவிட்டது! 1987இல் ஒரு ஜப்பானிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் சம்பளக்காரர்களுக்காகத் தொடங்கிய சென்ர்யூ போட்டி வருடா வருடம் நடக்கிறது. மேலாளரைத் திட்டப் பலருக்கும் அது வருடாந்தர வாய்ப்பு.

எடோவில் சாமானியர்கள் காசு கட்டி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் சீமாட்டி அன்னா மில்லர் ஒரு ஜாடியை வைத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். இத்தாலியில் பூமிக்கடியிலிருந்து எடுத்த பழைய ஜாடி. வியாழக்கிழமை விருந்துக்கு வருகிறவர்கள், கொடுத்த இயைபுச் சொற்களுக்கு எழுதிய கவிதையை அதற்குள் போட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, சிறந்ததற்கு மர்ட்டில் இலையில் செய்த மாலை சூட்டுவார்கள். நம் துலோவின் தொலைந்துபோன சொற்கள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நார்தம்பர்லண்ட் கோமகள் வெண்ணெய் தடவிய மஃபினைப் பற்றி எழுதிப்போட்டார் என்று ஹொரேஸ் வால்போல் 1775இல் ஒரு கடிதத்தில் கேலி செய்தார். கேலியைப் பொருட்படுத்தாமல் மில்லர் அதே வருடம் தொகுப்பையும் வெளியிட்டு, வந்த பணத்தை ஏழைகளுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார். வால்போல் அந்தக் கணக்கைத் தன் கடிதத்தில் சேர்த்திருக்கலாம்.

கதை எழுதும் போட்டியில் மிகப் புகழ்பெற்றது 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் நடந்தது என்பது பலருக்கும் தெரியும். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. மழையில் அடைந்துகிடந்த பைரன், 'ஆளுக்கொரு பேய்க்கதை' என்று தலைப்புக் கொடுத்தார். 18 வயது மேரிக்கு முதலில் சில நாட்கள் ஒன்றுமே தோன்றவில்லை. தோன்றியபோது அது 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆயிற்று. பைரன் தன் கதையைப் பாதியில் போட்டார். அந்தப் பாதியை அவருடைய மருத்துவர் பொலிடோரி எடுத்து வளர்க்க, 1819இல் ஒரு பத்திரிகை அதைப் பைரனின் பெயரிலேயே அச்சிட்டது. இன்றைய ரத்தக்காட்டேரிக் கதைகள் எல்லாவற்றுக்கும் மூத்தது அது. போட்டியைத் தொடங்கிவைத்தவருக்கு மட்டும் பரிசு இல்லை.

அடுத்த தாவல் 1907க்கு. அந்த ஒரே வருடத்தில் இரண்டு ஊர்களில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 10, சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றுக்காரரான செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்கிறார். நூறு விஷயங்களில் ஒரே நேரத்தில் கவனம்: முதுகில் விழும் பூவை எண்ண வேண்டும், மணி ஓசையை எண்ண வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும், இடையில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஈற்றடி கொடுத்தால் வெண்பாவும் முடிக்க வேண்டும். அவரைப் பற்றி வழங்கும் ஒரு கதை: இஸ்லாமியரான அவரை மடக்க நினைத்த ஒருவர், துருக்கனுக்கும் ராமனுக்கும் முடிச்சுப் போட்டு, ராமன்தான் அவனுக்குத் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். பாவலர் அசரவில்லை. மேலே ராமனின் தம்பிமாரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, முந்தைய அடியை அரைச் சொல்லில் நிறுத்தினார். அந்த அரைச் சொல்லோடு கொடுத்த அடியைச் சேர்த்துப் படித்தால் துருக்கன் சத்துருக்கன் ஆகிவிடுகிறான். ராமன் தன் தம்பிக்குத் துணை. யாருக்கு என்ன ஆட்சேபம்?

சென்னையில் கடைசி அடி கொடுத்து மீதியைக் கேட்டார்கள். லண்டனில் மீதியைக் கொடுத்துக் கடைசி அடியைக் கேட்டார்கள். 'லண்டன் ஒப்பீனியன்' இதழ் லிமெரிக் என்ற ஐந்து வரி வேடிக்கைப் பாட்டின் நான்கு வரியை அச்சிட்டு, ஐந்தாவதை எழுதி 6 பென்னி போஸ்டல் ஆர்டரோடு அனுப்பச் சொன்னது. கையில் காசு புரள்வதைப் பார்த்ததும் மற்ற இதழ்கள் ஒவ்வொன்றாகக் காப்பியடித்தன. ஒரு சிகரெட் நிறுவனம், ஜெயித்தவருக்கு ஆயுள் முழுக்க வாரம் 3 பவுண்டு தருவதாக அறிவித்தது. கலந்துகொள்ள சிகரெட் வாங்கிய கூப்பன் வேண்டும். சாதாரணமாக ஆறு மாதத்தில் 7, 8 லட்சம் 6 பென்னி போஸ்டல் ஆர்டர்கள் விற்கும். 1907இன் பிற்பாதியில் விற்றது 1 கோடியே 14 லட்சம் என்று அஞ்சல் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எழுத வராதவர்களுக்கும் வழி பிறந்தது: கடைசி வரியை எழுதித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்று நிபுணர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். தருமிக்கு இலவசமாகக் கிடைத்த சேவை.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இந்தப் போட்டிகளின் அளவை இலக்கியம் முடிவு செய்தது குறைவு. அஞ்சலட்டையின் அகலம், பத்திரிகையில் மிஞ்சிய இடம், ஓர் அடி சொல்லி முடிக்கும் மூச்சு இவைதான் அதிகம் முடிவு செய்திருக்கின்றன. விதிவிலக்காக, கதை எவ்வளவு சுருங்கினாலும் கதையாக இருக்கும் என்ற கேள்வியையே நேராகக் கேட்டது அமெரிக்காவின் பழைய 'லைஃப்' இதழ்; நமக்குத் தெரிந்த புகைப்பட இதழுக்கு முன்பு அதே பெயரில் வந்த நகைச்சுவை வாரப்பத்திரிகை. 1915இல் அதன் ஆசிரியர் தாமஸ் மேசன் நடத்திய போட்டிக்கு உச்சவரம்பு 1500 சொல். அதில் இருந்த குறும்பு சன்மானக் கணக்கு. எழுதிய சொல்லுக்குக் காசு கிடையாது. எழுதாமல் விட்ட சொல்லுக்கு 10 சென்ட். 1500 சொல் முழுக்க எழுதினால் கையில் ஒன்றும் வராது. 1000 சொல்லில் முடித்தால் 50 டாலர். 500 சொல்லில் முடித்தால் 100 டாலர். தவிர, முதல் பரிசு 1000 டாலர் தனி. முப்பதாயிரம் கையெழுத்துப் பிரதிகள் வந்து விழுந்தன. 81 தேறி, மறுவருடம் புத்தகமாயின. சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகிய எழுத்தாளர்கள், அடித்துத் திருத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு எண்ணியது அந்த ஒரு முறைதான் இருக்கும்.

1920களில் காலியர்ஸ் இதழ் ஒரே பக்கத்தில் முடியும் கதைகளைப் பிரபலமாக்கியது. தமிழிலும் வாரப் பத்திரிகைகள் பெருகியதோடு கதைப் போட்டிகள் பெருகின. ஆனந்த விகடன் 1930களிலேயே சிறுகதைப் போட்டி நடத்தியது. பிறகு குமுதம் பழக்கப்படுத்திய ஒரு பக்கக் கதையில், பல் ஆஸ்பத்திரிக் காத்திருப்பிலேயே முடித்துவிடக்கூடிய கச்சிதம் இருந்தது. போட்டி விதிமுறைகளுக்கென்று ஒரு தனி நடையே உருவாயிற்று. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இணைக்கவும். இக்கதை என் சொந்தக் கற்பனையே, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல என்று உறுதியளிக்கவும். இந்த மூன்றாவது விதியை எழுத வைத்த அனுபவங்களை ஓர் ஆசிரியர் தொகுத்திருந்தால், போட்டிக் கதைகளைவிட அது நன்றாக இருந்திருக்கும்.

எண்ணிக்கை எப்படியெல்லாம் வந்தது என்பதற்கு 100 சொல் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1971இல் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு வெளியிட்ட ஒரு புத்தகத்தில், 'டிராபிள்' என்ற கற்பனை விளையாட்டுக்கு விதி போட்டிருந்தார்கள்: இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம், முதலில் ஒரு நாவலை எழுதி முடிப்பவர் வெற்றியாளர். வெறும் ஜோக். 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழக அறிவியல் புனைகதைச் சங்கத்துப் பிள்ளைகள் இதை உண்மையாகவே ஆட நினைத்தார்கள். ஒரே அமர்வில் நாவல் முடியாதே! சரி, 100 சொல் என்று வைத்துக்கொள்வோம் என்று குறைத்தார்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 1988இல் ஆளுக்கொரு நூறு சொல் கதை வாங்கி ஒரு தொகுப்பே போட்டார்கள். அங்கிருந்து ரசிகர் கூட்டங்களுக்குத் தொற்றி, வாரம் ஒரு தலைப்பு என்று இணையம் முழுக்கப் பரவி, நம் ஞாயிறு நள்ளிரவு வரை வந்திருக்கிறது. இன்று தமிழில் 100 சொல் கதை எழுதுகிறவர், தனக்கே தெரியாமல் ஒரு பிரிட்டிஷ் ஜோக்கைத் தொடர்ந்துகொண்டிருக்கிறார். அந்தச் சங்கத்தார் சொல்லை எண்ணியது ஆங்கிலத்தில். நமக்கோ 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குள்ளேயே' என்பதும் ஒரு சொல்தான். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களை ஏமாற்றிவிடலாம்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஆளுக்கொரு எண். 1986இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஸ்டெர்ன் தொடங்கிய போட்டிக்கு 250 சொல். 'உலகின் மிகச் சிறந்த சின்னஞ்சிறு கதை' என்று யாரையும் கேட்காமல் பெயர் சூட்டிக்கொண்டார்கள். பரிசு 100 டாலரும் ஒரு பெட்டி ஃபுளோரிடா ஆரஞ்சும். தங்க வயலெட்டை அடகு வைக்கலாம், ஆரஞ்சைச் சாப்பிடலாம். என் ஓட்டு ஆரஞ்சுக்கு. மறுவருடம் கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் மாஸ் தன் வாரப்பத்திரிகையில் 55 சொல் போட்டி தொடங்கினார். 1992இல் வந்த ஒரு முக்கியத் தொகுப்பின் ஆசிரியர்கள் 750 சொல் அளவில் நின்றார்கள்; எதிரெதிர் இரண்டு பக்கத்தில், தாளைப் புரட்டாமல் படித்து முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2009இல் அமெரிக்கப் பொது வானொலி நடத்திய போட்டிக்கு 600 சொல். அறிவிப்பாளர் மூன்று நிமிடத்தில் வாசிக்க முடிவது அவ்வளவு.

6 சொல்லுக்கு மட்டும் பெரிய மனிதரின் கையெழுத்து உண்டு என்று நம்பப்படுகிறது. ஹெமிங்வே பந்தயம் கட்டி, ஒரு குழந்தை போடாமலே போன காலணி விற்பனைக்கு என்று 6 சொல்லில் கதை எழுதி மேஜையிலிருந்த பணத்தை அள்ளினார் என்பார்கள். ஹெமிங்வேக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதற்கு ஆதாரமே கிடையாது. அவர் பத்து வயதுப் பையனாக இருந்த 1910இலேயே, குழந்தைச் சாமான் விற்பனைக்கு, பயன்படுத்தவில்லை என்ற விளம்பரத்தையும் அதன் பின்னால் இருக்கும் சோகத்தையும் அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. பந்தயக் கதை புத்தகத்தில் ஏறியது 1991இல். ஹெமிங்வே இறந்து 30 வருடம் கழித்து. தருமி இறைவனின் பாட்டைத் தன் பாட்டு என்றார். இங்கே யாரோ எழுதியதை ஹெமிங்வே தலையில் கட்டிவிட்டார்கள்.

மறுபடியும் ஜப்பானுக்கு வருவோம். ஆயிரத்துக்கு மேல் குறுங்கதைகள் எழுதிய ஹோஷி ஷினிச்சியின் பெயரில் 2013இல் தொடங்கிய பரிசு, மனிதரல்லாதவர்களும் பங்கேற்கலாம் என்று விதியிலேயே எழுதிவைத்தது. 2016இல், வந்த சுமார் 1450 கதைகளில் 11இல் இயந்திரத்தின் கை இருந்தது. அவற்றில் குறைந்தது ஒன்று முதல் சல்லடையைத் தாண்டியது. 2022இல் செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதிய கதை பரிசுப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. அங்கே எல்லாம் விதிப்படி, வெளிப்படையாக நடந்தது. அமெரிக்காவில் கதை வேறு. 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைகதை இதழ் போட்டி நடத்துவதில்லை, ஆனால் யார் கதை அனுப்பினாலும் படிக்கும். 2023 பிப்ரவரியில், இயந்திரம் எழுதித் தள்ளிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து மொய்த்ததால் அது சில வாரங்களுக்குக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர் ஆசையில் வந்தவர்கள் அல்ல என்று ஆசிரியர் நீல் கிளார்க் கண்டுகொண்டார். வீட்டிலிருந்தே சுலபமாகச் சம்பாதிக்க வழி சொல்கிறேன் என்று காணொளி போடுகிறவர்கள், இந்த இதழ் சொல்லுக்கு இவ்வளவு தருகிறது என்று கைகாட்டிவிட்டிருந்தார்கள். 1907இல் லண்டனில் லிமெரிக்கின் கடைசி வரியை விற்ற நிபுணர்களாவது, அந்த ஒரு வரியைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள்.